லா பெரெக்ரினா முத்தைத் தொங்கவிடுவது எப்படி? துளை இல்லாமலும் துளை போட்டும் செய்து பார்த்த பதிவு

லா பெரெக்ரினா முத்தின் அளவுக்கும் எடைக்கும் நெருக்கமாக ஷெல் முத்து என்கிற செயற்கை முத்து ஒன்று வாங்கி, அதை வெள்ளித் தொங்கலாகக் கட்டிப் பார்த்தேன். முதலில் துளை போடாமல், அப்புறம் துளை போட்டு. போட்டு அழகு பார்க்கச் செய்த வேலை இல்லை. இந்த முத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஸ்பெயின் ராஜாக்கள், நெப்போலியன் குடும்பம், ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர் என்றுதான் போகும். பட்டறையில் உட்கார்கிற எனக்கு உறுத்தியது வேறு கேள்வி. ஒரு பெரிய பிரபுக் குடும்பம் இத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்த முத்து, ஏன் விருந்திலும் நடனத்திலும் கழன்று விழுந்துகொண்டே இருந்தது?

முதலில் முத்து வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். 16ஆம் நூற்றாண்டில் பனாமா வளைகுடாவில் கிடைத்தது. 1579, 1580 வாக்கில் ஸ்பெயின் போய் இரண்டாம் ஃபிலிப் மன்னரின் கைக்கு வந்தது. இங்கிலாந்து ராணி மேரி டியூடர் கழுத்தில் இருந்த முத்து இதுதான் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். மேரி 1558இலேயே இறந்துவிட்டார், ஆகவே அந்தக் கணக்கு ஒத்துவராது. ஸ்பெயின் அரச குடும்பத்தில் இது எப்படி இருந்தது என்பதற்கு வெலாஸ்கெஸ் வரைந்த படங்கள் இருக்கின்றன, மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில். குதிரைமேல் இருக்கும் ராணி மார்கரீத்தாவின் மார்பில் பெரிய சதுர வைரம் ஒன்று, அதன் அடியில் முத்து தொங்குகிறது. அந்த வைரத்துக்கு எஸ்தாங்கே என்று பெயர். அவர் கணவர் மூன்றாம் ஃபிலிப்பின் படத்தில் முத்து தொப்பிக்குப் போய்விட்டது. அதாவது, ஒரே முத்தை வேண்டியபோது ஒரு நகையிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டியிருக்கிறார்கள். இந்த விஷயம் பின்னால் உதவும்.

1808இல் நெப்போலியனின் அண்ணன் ஜோசப் போனபார்ட் ஸ்பெயின் அரசராக வந்தார். 1813இல் அவர் நாட்டை விட்டு ஓடியபோது முத்தும் போனது. அவரிடமிருந்து தம்பி மகன் லூயி நெப்போலியனுக்கு. பின்னாளில் பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் ஆன அதே ஆள். இங்கிலாந்தில் அகதியாக இருந்தபோது பணத் தட்டுப்பாடு, முத்தை விற்றார். வாங்கியவர் ஜேம்ஸ் ஹாமில்டன், அப்போது மார்க்விஸ் ஆஃப் அபர்கார்ன். மார்க்விஸ் என்பது டியூக்குக்கு ஒரு படி கீழே உள்ள பிரபுப் பட்டம். வட அயர்லாந்தின் டைரோன் கவுண்டியில் பேரன்ஸ்கோர்ட் என்ற பண்ணை மாளிகை இவர்களுடையது. 1868இல் அவர் டியூக் ஆனார். இரண்டு முறை விக்டோரியா ராணியின் பிரதிநிதியாக அயர்லாந்தை ஆண்டவர். அவர் மனைவி லூயிசா, பெட்ஃபோர்ட் டியூக்கின் மகள். முத்து அணிந்தது லூயிசாதான். கதை எனக்குச் சூடு பிடிப்பதும் இங்கேதான்.

முத்தில் துளை இல்லை. அபர்கார்ன் குடும்பத்தில் அதை அப்படியே வைத்திருந்தார்கள். ஒரு முறை வின்ட்ஸர் கோட்டையில் சோபா இடுக்கில் போய்விட்டது. இன்னொரு முறை பக்கிங்ஹாம் அரண்மனை நடன விருந்தில் விழுந்தது. இரண்டு முறையும் கிடைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். இதைக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்து போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அவ்வளவு பெரிய சீமாட்டி, அவ்வளவு பெரிய முத்து, கவனம் இல்லாமலா இருந்திருப்பார்? முத்தைக் கட்டியிருந்த விதத்தில்தான் கோளாறு என்று தோன்றியது. அதைக் கையால் செய்து பார்க்கத்தான் இந்த வேலை.

அசல் முத்து ஏறக்குறைய 25.5 மி.மீ. நீளம், அகலமான இடத்தில் 17.5 மி.மீ. சொச்சம். பேரிக்காய் வடிவம். எடை 50.56 காரட், அதாவது பத்து கிராமுக்கு ஒரு துளி மேலே. ஷெல் முத்து என்பது சிப்பி ஓட்டைக் கடைந்து மேலே முத்துப் பூச்சு கொடுத்தது. உள்ளே இருப்பது முத்தில் இருக்கிற அதே சுண்ணாம்புப் பொருள்தான், அடர்த்தியும் கிட்டத்தட்ட அதேதான். ஆகவே எடை பொருந்தும். பிளாஸ்டிக் முத்தில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை, கனம்தான் இங்கே முக்கியம். துளை போடாத துண்டாகக் கேட்டு வாங்கினேன். தராசில் 10.62 கிராம் காட்டியது.

துளை இல்லாத முத்தைத் தொங்கவிட அதிக வழி இல்லை. முத்தைச் சுற்றிக் கம்பிக் கூண்டு கட்டலாம். ஆனால் இப்படி ஒரு முத்தைக் கூண்டில் அடைக்க யாருக்கும் மனசு வராது. மிச்சம் இருப்பது, உச்சியில் ஒரு தொப்பி கவிழ்த்து, கீழே நகங்களை, அதாவது பிடித்துக்கொள்கிற சிறு உலோக நீட்டல்களை, மடித்து, உள்ளே அரக்கு போன்ற ஏதாவது ஒன்றால் பிடிக்க வைப்பது. அரை மில்லிமீட்டர் வெள்ளித் தகட்டில் வட்டம் வெட்டி, குழிக் கட்டையில் வைத்துக் குமிழாகத் தட்டினேன். ஓரத்தில் நான்கு நகம். மேலே ஒரு வளையம், வெண்காரம் போட்டு ஊதி ஒட்டியது.

முத்தின் உச்சியில் தொப்பி சரியாக உட்கார வேண்டும் என்றால், வெறும் கண்ணால் பார்த்து முடியாது. விளக்குச் சுடரில் தொப்பியின் உள்பக்கத்தைக் காட்டிக் கரி பிடிக்க வைத்து, முத்தின்மேல் மெல்ல அழுத்தி எடுக்க வேண்டும். எங்கே தட்டுகிறதோ அங்கே மட்டும் முத்தில் கரி ஒட்டும். தொப்பியில் அந்த இடத்தைச் சுரண்டி, முத்தைத் துடைத்து, மறுபடி அழுத்த வேண்டும். ஒரு புள்ளியாக இருந்த கரி, சுரண்டச் சுரண்டக் கீற்றாகி, கடைசியில் முழு வளையமாக விழும். அந்த வளையம் விழும் வரைக்கும் விடக்கூடாது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

நகங்களை மடிக்கும்போதே விஷயம் புரிந்துவிட்டது. பேரிக்காய் வடிவத்தில் உச்சி ஒடுங்கி, கீழே போகப் போக அகலமாகிறது. வைரத்துக்கு நகம் கட்டும்போது கல்லின் அகலமான இடுப்பைத் தாண்டி நகத்தை மடிப்போம், கல் தப்ப முடியாது. இங்கே இடுப்பு தொப்பிக்கு ரொம்பக் கீழே இருக்கிறது. நகம் தொடுகிற இடமெல்லாம் சரிவு. இறுக்க இறுக்க முத்தைப் பிடிப்பதற்குப் பதிலாக அதைக் கீழே தள்ளுகிறது. ஈரச் சோப்பை இறுக்கிப் பிடித்தால் கையை விட்டு நழுவுமே, அதே கதை. ஆகவே நகம் வெறும் அலங்காரம். முழு பாரமும் அரக்கின்மேல்தான்.

அரக்கு வைத்து ஆற விட்டுத் தொங்கவிட்டேன். அசையாமல் இருக்கிற வரை ஒன்றும் ஆகவில்லை. பார்க்க அற்புதமாக இருந்தது, ஒளிக்கவில்லை. கீழே கம்பளியை மடித்துப் போட்டுவிட்டு, நடன விருந்தில் என்ன நடக்குமோ அதைக் கொடுத்தேன்: வீச்சு, திருப்பம், மேஜை விளிம்பில் லேசான தட்டல். பத்து கிராம் கனம் வீச்சின் முனையில் திரும்பும்போது தொப்பியின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்புகிறது. அரக்கு இழுவையைத் தாங்கும், நெம்பலைத் தாங்காது. கொஞ்ச நேரத்தில் தொப்பிக்கும் முத்துக்கும் நடுவே முடி போல ஒரு கோடு தெரிந்தது. அப்புறம் முத்து கம்பளியில் கிடந்தது. முத்தின் உச்சி பளபளவென்று சுத்தமாக இருந்தது, அரக்கு மொத்தமும் வெள்ளியோடு போயிருந்தது. முத்தின் மேல்பரப்பு அவ்வளவு வழுவழுப்பு. அதோடு வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் கவனித்தேன். விழும்போது சத்தமே இல்லை. சங்கிலி அப்படியே இருக்கிறது, தொப்பியும் நகங்களும் அப்படியே இருக்கின்றன. கழுத்தில் போட்டிருப்பவர் கை வைத்துப் பார்த்தால் ஏதோ உலோகம் தட்டுப்படும். லூயிசாவுக்குத் தெரியாமல் முத்து சோபாவுக்குள் போனதில் எனக்கு இப்போது ஆச்சரியமே இல்லை. அந்த அம்மாள்மேல் குற்றமில்லை.

சரி, அப்படியென்றால் ஏன் ஒருவரும் துளை போடவில்லை? முத்தைத் துளைப்பது திரும்ப முடியாத வேலை. முத்து அடுக்கடுக்காக வளர்ந்தது. துரப்பணம் வழுக்கினாலோ சூடேறினாலோ அடுக்கு பெயர்ந்து, துளை வாயில் செதில் போகும். சின்ன முத்தில் போனால் இன்னொரு முத்து. இதில் போனால் இன்னொன்று கிடையாது. வாங்குகிற எவருமே கருவியை அதன் பக்கத்தில் கொண்டுபோகப் பயந்திருப்பார்கள், அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் 1913இல் லண்டன் நகைக்காரர்கள் ஹென்னெல் அதைச் சுத்தம் செய்து துளை போட்டார்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் யாரென்று வெளியே தெரியாது. இந்த முத்தைத் தொட்ட ராஜாக்கள் அத்தனை பேரையும்விட அந்தக் கையைத்தான் நான் மதிக்கிறேன்.

நான் துளை போட்ட விதம் இது. முத்தைப் பிடிக்க இரண்டு மரத்துண்டுகளில் முத்தின் வடிவுக்குக் குழி குடைந்து, உள்ளே மெல்லிய தோல் ஒட்டி, நடுவில் வைத்துத் திருகிப் பிடித்தேன். உச்சி நேராக மேலே பார்க்க வேண்டும். பேரிக்காய் முத்தில் துளை கொஞ்சம் சாய்ந்தாலும், தொங்கும்போது முத்து ஒரு பக்கம் ஒருக்களித்து நிற்கும். அதனால் முன்னே இருந்து ஒரு தடவை, பக்கவாட்டில் இருந்து ஒரு தடவை, தொங்குநூலை வைத்து நேர் பார்த்துக்கொண்டேன்.

உச்சி உருண்டையாக இருப்பதால் துரப்பண முனை வழுக்கும். நுண் அரத்தால் குண்டூசித் தலை அளவுக்கு அங்கே ஒரு தட்டையான இடம் உண்டாக்கினேன். எப்படியும் தொப்பிக்குள் மறைந்துவிடும். முதலில் 0.6 மி.மீ. முனையைக் கைப்பிடியில் மாட்டி விரலாலேயே உருட்டி ஒரு குழி. அதன் பிறகுதான் மைக்ரோமோட்டார் என்கிற சின்ன மின் துரப்பணம், அதுவும் மிகக் குறைந்த வேகத்தில். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஒரு மில்லிமீட்டர் இறங்கியதும் வெளியே எடுத்து, முனையில் அப்பிய வெள்ளைச் சேற்றைத் துடைத்துவிட்டு மறுபடி. தண்ணீர் வற்றினால் உடனே மூக்குக்குத் தெரியும், முடி கருகுகிற வாடை. அடுக்குகளை ஒட்டி வைத்திருக்கிற புரதம் கருகுவதுதான் அது. அந்த வாடை வந்தால் அதற்கு மேல் ஒரு சுற்றுகூடச் சுற்றக்கூடாது. முகக்கவசமும் அவசியம், காய்ந்த சிப்பித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிறகு 1.2 மி.மீ. முனைக்கு மாறி, 11 மி.மீ. ஆழத்தோடு நிறுத்தினேன். முத்தின் பாதியைக்கூடத் தொடவில்லை. அடிப்பக்கம் முழுசாக, துளையில்லாமல் இருக்கிறது.

துளைக்குள் போகிற முளைக்கு உருண்டைக் கம்பி ஆகாது. பசை பிடிக்க அதில் வழி இல்லை, உள்ளே மாட்டிக்கொள்கிற காற்று வெளியே போகவும் இடம் இல்லை. வெள்ளிக் கம்பியைச் சதுரக் கண் வழியாக இழுத்து 0.8 மி.மீ. சதுரமாக்கி, ஒரு முனையைப் பற்றுக்குறட்டில் கொடுத்து முறுக்கினேன். சதுரத்தின் மூலைக்கு மூலை 1.13 மி.மீ. வரும். 1.2 துளைக்குள் உரசியும் உரசாமலும் இறங்கும். முறுக்கின பள்ளங்களில் பசை போய் உட்கார்ந்து இறுகினால், திருகாணி மரை போலப் பிடித்துக்கொள்ளும். முளையைத் தொப்பியின் உள் நடுவில் வைத்து ஊதி, வளையத்தையும் ஊதி, படிகாரத் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கழுவி, மெருகும் கொடுத்து முடித்தேன். இத்தனையும் முத்து சேருவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். முத்து வந்த பிறகு நெருப்பும் ஆகாது, புளிப்பும் ஆகாது. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவாக இருந்தாலும் முத்தை அரிக்கும்.

துளைக்குள் ஸ்பிரிட் விட்டு, நன்றாகக் காய வைத்து, இரண்டு டியூப் எபாக்சிப் பசையைக் கலந்து முளையில் தடவி, சுழற்றியபடியே இறக்கினேன். நொடியில் ஒட்டுகிற பசை வேண்டாம். அது கண்ணாடி போல இறுகி, அதிர்ச்சியில் அரக்கு மாதிரியே விரிந்துவிடும். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்தேன். அப்புறம் அதே வீச்சு, அதே திருப்பம், அதே மேஜை விளிம்பு. ஒன்றும் ஆகவில்லை. முத்தைத் துணி வலையில் கட்டி, இரண்டு கிலோ எடையை ராத்திரி பூராவும் தொங்கவிட்டேன். காலையில் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், தொப்பி விளிம்பில் ஒரு கோடுகூட இல்லை. நெம்பல் இப்போது தொப்பியின் ஓரத்தில் விழுவதில்லை, முத்தின் உள்ளே 11 மி.மீ. வரைக்கும் பரவிவிடுகிறது. எல்லா வித்தியாசமும் அதில்தான்.

இப்போது எடைக்கு வருகிறேன், இதை யாரும் கவனித்து எழுதி நான் பார்க்கவில்லை. ஆதியில் முத்தின் எடை 223.8 கிரெயின் என்றும், ஹென்னெல் துளை போட்டுச் சுத்தம் செய்த பிறகு 203.84 கிரெயின் என்றும் சொல்வார்கள். முத்துக் கிரெயின் என்பது கால் காரட், 50 மில்லிகிராம். ஆக 20 கிரெயின் குறைவு, ஒரு முழு கிராம். படிக்கிறவர்களுக்குத் துளையில்தான் அவ்வளவும் போய்விட்டது என்று தோன்றும். என் முத்தைத் துளை போட்டுக் காய வைத்து நிறுத்தேன். 10.62 இருந்தது 10.59 ஆயிற்று. கணக்குப் போட்டாலும் அதேதான்: 1.2 மி.மீ. அகலம், 11 மி.மீ. ஆழம் என்றால் 12 கன மில்லிமீட்டர் சொச்சம், 35 மில்லிகிராம். ஒரு கிரெயின்கூட இல்லை. ஒரு கிராம் போக வேண்டுமானால் அதே ஆழத்துக்குக் கிட்டத்தட்ட பென்சில் பருமனுக்குக் குடைந்திருக்க வேண்டும். ஆகவே துளை வாங்கியது தூசி அளவு. மற்றது சுத்தம் செய்யும்போது போன மேல் அடுக்கும், நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறிய எடைக்கற்களின் வித்தியாசமும்தான் என்பது என் முடிவு. மெட்ரிக் காரட் பிரிட்டனில் சட்டப்படி வந்ததே 1914இல்.

அத்தனை தலைமுறை பயந்தது இந்த முப்பத்தைந்து மில்லிகிராமுக்கு. பயத்தில் நியாயம் இருந்தது, நான் முன்பே சொன்னேன். ஆனால் வின்ட்ஸர் சோபாவில் அன்றைக்கு யாராவது பஞ்சு மாற்றியிருந்தால்? துளை போட வைத்தவர்கள் எடுத்த முடிவு சரியான முடிவு. ஒரே வருத்தம், அந்த நிம்மதியை அவர்கள் குடும்பம் அனுபவிக்கவே இல்லை. 1885இல் முதல் டியூக் போனார், 1913இல் இரண்டாமவர் போனார், 1914இல் முத்து குடும்பத்தை விட்டு விற்பனைக்குப் போய்விட்டது.

1969 ஜனவரியில் நியூயார்க் ஏலத்தில் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் 37,000 டாலருக்கு அதை எடுத்துத் தன் மனைவி எலிசபெத் டெய்லருக்குக் கொடுத்தார். லாஸ் வேகாஸ் ஓட்டல் அறையில் மறுபடி காணாமல் போனது. டெய்லர் வெறுங்காலால் கம்பளத்தைத் தடவித் தடவித் தேடியிருக்கிறார். நாய்க்குட்டி எதையோ கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வாயைத் திறந்தால் உள்ளே முத்து, ஒரு கீறல் இல்லாமல். இந்த முறை முத்துக்கும் தொப்பிக்கும் இடையே எந்தத் தகராறும் இல்லை. மெல்லிய சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது, அங்கிருந்து போய்விட்டது. 1972இல் கார்ட்டியே நகை நிறுவனத்தார் அதை மாணிக்கமும் வைரமும் முத்தும் சேர்ந்த கனமான கழுத்தணியில் கோத்தார்கள். 2011 டிசம்பரில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அந்த அணி 1 கோடியே 18 லட்சம் டாலருக்கு மேல் போனது.

அந்த நாய்க்குட்டி விஷயத்தைப் படித்துவிட்டு என் தொங்கலின் வளையத்தை மாற்றினேன். முதலில் 0.8 மி.மீ. கம்பியில் இருந்தது. இப்போது 1.2 மி.மீ. கம்பி. வாய் வைத்து மூடினதோடு விடாமல், பொடி (ஒட்டுகிற உலோகம்) வைத்து ஊதி அடைத்தது. இந்த மாற்றம் முத்து சேர்ந்த பிறகு வந்ததால், தொப்பியின் வளையத்தில் கை வைக்கவில்லை. அதற்கும் சங்கிலிக்கும் நடுவில் இருக்கிற இணைப்பு வளையத்தை மட்டும் தனியாகச் செய்து, முத்தை ஈரத்துணியில் சுற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்துவிட்டு, இணைப்பை மட்டும் வெளியே நீட்டி ஊதினேன். சுடர் சின்னதாக, முனை கூராக இருக்க வேண்டும். வெள்ளி சூட்டை வேகமாகக் கடத்தும், அதனால் ஊதுகிற நேரம் மூச்சு விடுகிற நேரத்துக்கு மேல் போகக் கூடாது. வசதி இருந்தால் இந்த இடத்துக்கு லேசர் வெல்டிங் கொடுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

ராணி மார்கரீத்தா படத்தில் இருப்பது போல மேலே ஒரு சதுரக் கல் வைத்து, அதன் அடியில் இதைக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு கொக்கி செய்ய வேண்டும். கழற்றி மாட்டுகிற எந்த நகையிலும் தேய்வது கொக்கி தொடுகிற வளையத்தின் உள்பக்கம்தான். பத்து கிராம் தொங்கினால் வெள்ளி சீக்கிரமே மெலியும். கொக்கியையும் வளையத்தையும் தங்கத்தில் செய்யலாமா, கனத்தை மட்டும் கூட்டினால் போதுமா என்று இரண்டையும் செய்து பார்க்கப் போகிறேன்.